வெளுப்பை வைத்து வீரியத்தை அளந்த கதை

ஒரு சின்னக் கேள்வியோட இந்த இழையைத் தொடங்கலாம்.

உங்க முன்னாடி ரெண்டு டியூப் இருக்கு. ஒண்ணுல ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம்னு போட்டிருக்கு. இன்னொண்ணுல குளோபெட்டசால் 0.05 சதவீதம்னு போட்டிருக்கு. எது வீரியமான மருந்து?

நிறைய பேர் 1 சதவீதத்தைத்தான் சொல்வாங்க. 0.05-ஐ விட 1 இருபது மடங்கு பெரிசு. கணக்கு சரிதான், விடைதான் தப்பு.

தோலில் தடவும் ஸ்டீராய்டு மருந்துகளை வீரியப்படி வரிசைப்படுத்தினால் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் கடைசிப் படியில் நிற்கும். 0.05 சதவீத குளோபெட்டசால் உச்சிப் படியில் நிற்கும். இரண்டுக்கும் நடுவே சுமார் 600 மடங்கு வித்தியாசம் என்றுதான் பாடங்களில் சொல்லித் தருகிறார்கள்.

சரி, இந்த வரிசையை யார் போட்டது? எதை வைத்துப் போட்டது? ஒரு களிம்பின் பலத்தை எப்படி அளக்க முடியும்? மாத்திரை சாப்பிட்டா ரத்தத்தில் எவ்வளவு இருக்குன்னு பார்க்கலாம். தோலில் தடவியது தோலோடயே வேலை செய்யுது. ரத்தத்தில் தேடிப் பயனில்லை.

அதை அளக்க ஒரு அளவுகோலைக் கண்டுபிடித்த கதை இது. நம்ம ஊர்ல முகத்துக்கு "சிகப்பழகு" தேடி களிம்பு தடவுற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சுக்க வேண்டிய கதையும்கூட. ஏன்னு போகப் போகப் புரியும்.

1948-ல் இருந்து ஆரம்பிப்போம்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு "காம்பவுண்ட் இ" என்ற பொருளை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். அந்தப் பொருள்தான் கார்ட்டிசோன். அடுத்த இரண்டே வருடத்தில், 1950-ல், ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

உலகமே கார்ட்டிசோன் பின்னால் ஓடியது. தோல் மருத்துவர்களும் ஓடினார்கள். கரப்பான், அரிப்பு, சோரியாசிஸ் எல்லாமே அழற்சிதானே? ஊசியாகப் போட்டால் உடம்பு முழுக்கப் பக்கவிளைவு வரும். களிம்பாகத் தடவினால் தோலோடு முடிந்துவிடுமே என்று கணக்குப் போட்டார்கள்.

தடவிப் பார்த்தார்கள். பெரிதாகப் பலன் இல்லை.

காரணம் பிறகுதான் தெளிவானது. கார்ட்டிசோன் அப்படியே வேலை செய்யாது. உடம்பு அதை ஹைட்ரோகார்ட்டிசோனாக மாற்ற வேண்டும். அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது கல்லீரல். தோலில் தடவிய மருந்து கல்லீரல் வழியாகப் போய்விட்டா வரும்?

1952-ல் மரியன் சல்ஸ்பெர்கரும் விக்டர் விட்டனும் "காம்பவுண்ட் எஃப்"-ஐ, அதாவது ஹைட்ரோகார்ட்டிசோனையே நேராகத் தடவினார்கள். அது வேலை செய்தது. கரப்பான் அடங்கியது. தோல் மருத்துவத்தையே அதற்கு முன், அதற்குப் பின் என்று இரண்டாகப் பிரிக்கலாம். அப்படி ஒரு வருடம் அது.

அப்புறம் வேதியியலாளர்கள் களத்தில் இறங்கினார்கள். அந்த மூலக்கூறில் இங்கே ஒரு ஃப்ளூரின் அணுவைச் சேர், அங்கே ஒரு வாலை ஒட்டு என்று புதுசு புதுசாக ஸ்டீராய்டுகள் வந்தன.

சில முயற்சிகள் தடுமாறின. ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் என்று ஒன்று வந்தது. தோலில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் தோல் வழியாக உள்ளே போய் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வீக்கம் வரவைத்தது. தோலில் தடவுவது தோலோடு நின்றுவிடும் என்ற நம்பிக்கைக்கு 1950-களிலேயே விழுந்த முதல் அடி இது. இந்த விஷயத்தை ஓரமா ஞாபகம் வச்சுக்கங்க.

50-களின் கடைசியில் மேசை நிறைய புது மருந்துகள். எது பலமானது, எது சோதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

எலிகளில் சோதித்தார்கள். எலிக்குள் பஞ்சு உருண்டையை வைத்து அழற்சியை உண்டாக்கி, மருந்து அதை எவ்வளவு குறைக்கிறது என்று அளந்தார்கள். ஆனால் எலிக்குள் வேலை செய்கிற மருந்து மனிதத் தோலைத் துளைத்து உள்ளே போகும் என்று என்ன நிச்சயம்?

நோயாளிகளில் சோதிக்கலாம். இடது கையில் ஒரு மருந்து, வலது கையில் இன்னொன்று. ஆனால் இரண்டு கையிலும் நோய் ஒரே அளவில் இருக்க வேண்டும். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இருபது மருந்தை ஒப்பிட எத்தனை நோயாளி, எத்தனை வருடம் ஆகும்?

இந்த இடத்தில்தான் மெக்கன்சி, ஸ்டௌட்டன் என்று இரண்டு பேர் வருகிறார்கள். வருடம் 1962.

அவர்கள் கவனித்தது ஒரு சின்ன விஷயம். ஸ்டீராய்டு தடவிய இடத்தில் நல்ல தோல்கூடக் கொஞ்ச நேரம் வெளுத்துப் போகிறது. அங்கே இருக்கும் மெல்லிய ரத்தநாளங்கள் சுருங்குவதால் வருகிற வெளுப்பு அது. ரத்தம் குறைந்தால் தோலின் சிவப்பு குறையும்.

இதையே அளவுகோலாக வைத்தால் என்ன என்று யோசித்தார்கள்.

முறை ரொம்ப எளிமை. நோயே இல்லாத ஆட்களைக் கூப்பிட்டார்கள். முன்கையின் உள்பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டார்கள். ஸ்டீராய்டை ஆல்கஹாலில் கரைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு மருந்தை, ஒவ்வொரு அடர்த்தியில் வைத்தார்கள். ஆல்கஹால் ஆவியானதும் மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி மூடினார்கள். 16 மணி நேரம் கழித்துப் பிரித்தார்கள்.

எந்தக் கட்டம் வெளுத்திருக்கிறது, எது வெளுக்கவில்லை? எந்த மருந்து ரொம்பக் குறைந்த அடர்த்தியிலேயே வெளுக்க வைக்கிறது? குறைவாக வைத்தாலும் வெளுக்க வைத்தால் அதுதான் வீரியமானது.

ஒரு ராத்திரி, ஒரு கை, பல மருந்துகள். நோயாளியும் தேவையில்லை, ஊசியும் தேவையில்லை. பார்க்கத் தெரிந்த கண் இருந்தால் போதும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளணும். வெளுக்க வைப்பது சிகிச்சை இல்லை. கரப்பானைக் குணமாக்குவது அழற்சியைக் குறைக்கும் வேலை. வெளுப்பு அதன் கூடவே வருகிற ஒரு அடையாளம். மூடியைத் திறக்காமலே வாசனையை வைத்து சாம்பார் கொதிச்சிருச்சுன்னு சொல்றோம் இல்லையா, அந்த மாதிரி. வாசனை சாம்பார் ஆகாது. ஆனா வாசனை பெரும்பாலும் பொய் சொல்லாது.

இந்தக் கையளவு சோதனை அடுத்த சில வருடங்களில் சொல்லித் தந்த பாடங்கள் கொஞ்சநஞ்சமில்லை. ஒவ்வொன்றும் இன்றைக்கு நாம் எழுதுகிற மருந்துச் சீட்டில் இருக்கிறது.

முதல் பாடம், மூடினால் வீரியம் கூடும். பிளாஸ்டிக் தாளால் மூடிய கட்டத்தில் மருந்து உள்ளே போவது 100 மடங்கு வரை கூடுகிறது என்று மெக்கன்சி-ஸ்டௌட்டன் சோதனையே காட்டியது. இதை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வாங்க. குழந்தைக்கு டயப்பர் போடுற இடத்தில் ஸ்டீராய்டு களிம்பைத் தடவி மேலே டயப்பரை இறுக்கிக் கட்டினால், அந்த டயப்பர்தான் பிளாஸ்டிக் தாள். தடவியது ஒரு அளவு, உள்ளே போவது வேற அளவு.

இரண்டாவது பாடம், தோல் ஒரு கிடங்கு. 1963-ல் விக்கர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஒரு வேடிக்கையைக் கண்டார். மருந்து தடவி மூடி வைத்தார், வெளுத்தது. பிரித்துவிட்டார், வெளுப்பு மறைந்தது. சில நாட்கள் கழித்து, புதிதாக மருந்து எதுவும் வைக்காமல், அதே இடத்தை வெறுமனே மறுபடி மூடினார். மறுபடி வெளுத்தது! தோலின் மேலடுக்கு மருந்தைப் பதுக்கி வைத்திருந்தது. வீரியமான களிம்பை ஒரு நாளைக்கு ஒரு தடவை தடவினாலே பல நேரம் போதும் என்று சொல்கிறோமே, அதற்குப் பின்னால் இந்தக் கிடங்கும் இருக்கிறது. "டாக்டர், நாலு தடவை போட்டா சீக்கிரம் சரியாகுமா?" என்றால், ஆகாது. டியூப்தான் சீக்கிரம் தீரும்.

மூன்றாவது பாடம், வாலை மாற்றினால் ஆளே மாறிவிடும். பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையாகக் கொடுத்தால் நல்ல பலசாலி. ஆனால் அப்படியே தோலில் வைத்தால் சாதாரணம். கிளாக்ஸோ நிறுவனத்தின் பீட்டாமெத்தசோனில் கொழுப்போடு ஒட்டக்கூடிய பல வகை வால்களை ஒட்டி, ஒவ்வொன்றையும் இந்த வெளுப்புச் சோதனையில் ஓட்டிப் பார்த்தார்கள். மெக்கன்சியும் அட்கின்சனும் 1964-ல் வெளியிட்ட முடிவில் தனியாகத் தெரிந்தது வேலரேட் என்ற வால். உங்க வீட்டு மருந்து டப்பாவில் பீட்டாமெத்தசோன் வேலரேட் என்று ஒரு டியூப் கிடக்கலாம். அது வாழ்க்கையைத் தொடங்கியது யாரோ ஒருத்தர் முன்கையில் வெளுத்த ஒரு சின்னக் கட்டமாகத்தான்.

அதனால்தான் சதவீதத்தை வைத்து வீரியத்தைச் சொல்ல முடியாது. சதவீதம் டியூபுக்குள் எவ்வளவு மருந்து இருக்கு என்று மட்டும் சொல்லும். அந்த மருந்து எவ்வளவு கெட்டிக்காரன், தோலை எவ்வளவு சுலபமாகத் தாண்டும் என்று சொல்லாது. ஒரே மருந்து, ஒரே சதவீதம், கிரீமாக இருந்தால் ஒரு படி, ஆயின்மென்டாக இருந்தால் அதைவிட மேல் படி என்றுகூட வரும்.

நான்காவது பாடம் ரொம்ப முக்கியம். சோதனை செய்தது முன்கையில். உடம்பு முழுக்க முன்கை கிடையாது.

1967-ல் ஃபெல்ட்மனும் மைபாக்கும் கதிரியக்க அடையாளம் போட்ட ஹைட்ரோகார்ட்டிசோனை உடம்பின் வெவ்வேறு இடங்களில் தடவி, எவ்வளவு உள்ளே போகிறது என்று சிறுநீரில் அளந்தார்கள். முன்கையில் உள்ளே போவதை 1 என்று வைத்துக்கொண்டால், உள்ளங்காலில் 0.14. நெற்றியில் 6. தாடை ஓரத்தில் 13. விதைப்பையில் 42.

42 மடங்கு!

தொடையிடுக்கில் படர்தாமரை வந்து, கூச்சப்பட்டு யாரிடமும் காட்டாமல், மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்கண்ணே" என்று வாங்கித் தடவுகிறவர்கள் இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளணும். அந்த டியூபில் பல நேரம் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். முதல் ரெண்டு நாள் அரிப்பு நிற்கும், ஏன்னா ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும். ஆனால் பூஞ்சைக்கு எதிரான தோலின் காவலையும் அதுவே அடக்கிவிடும். பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். விட்டதும் முன்னைவிட வேகமாக வரும்.

ஐந்தாவது பாடத்தை 1975-ல் டுவிவியரும் ஸ்டௌட்டனும் சொன்னார்கள். ஒரே இடத்தில் நாள் தவறாமல் தடவிக்கொண்டே போனால் சில நாட்களில் வெளுப்பு குறைகிறது. அதே மருந்து, அதே தோல், ஆனால் ரத்தநாளம் பழகிப் போகிறது. சில நாள் இடைவெளி விட்டால் மறுபடி வேலை செய்கிறது.

முகத்தில் களிம்பு தடவிப் பழகியவர்கள் "முன்ன மாதிரி இப்ப கேட்க மாட்டேங்குது" என்று அடுத்த டியூபுக்குப் போவதைப் பார்க்கிறோம். அதன் ஒரு பகுதி இந்தப் பழக்கம்தான்.

இப்படி வளர்ந்த சோதனைக்கு ஒரு பெரிய கேள்வி பாக்கி இருந்தது. நல்ல தோலில் வெளுப்பது, நோய்த் தோலில் குணமாவதைச் சொல்லுமா? 1985-ல் கார்னெலும் ஸ்டௌட்டனும் வெளுப்பு வரிசையையும், சோரியாசிஸ் நோயாளிகளில் கிடைத்த பலனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் ஒத்துப் போனது. வாசனை பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் இன்றும் புழங்கும் ஏழு படி வீரிய அட்டவணை இந்த வழியில் வந்ததுதான். பிரிட்டனில் அதை நாலு படியாகச் சொல்வார்கள். மிதம், நடுத்தரம், வீரியம், அதிவீரியம்.

1987-ல் ஸ்டௌட்டன் இன்னொரு வேலை செய்தார். பிராண்டு களிம்புகளையும் அவற்றின் ஜெனரிக் களிம்புகளையும் இதே சோதனையில் வைத்தார். ஒரே மருந்து, ஒரே சதவீதம் என்று அட்டையில் இருந்தும் சில ஜோடிகள் ஒரே அளவில் வெளுக்கவில்லை. களிம்பில் மருந்தைச் சுமக்கும் கிரீமுக்கும் பங்கு உண்டு என்று எல்லாருக்கும் உறைத்தது.

1995-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ இந்தச் சோதனையை முறைப்படுத்தியது. ஜெனரிக் ஸ்டீராய்டு களிம்பு விற்கணுமா? அசல் களிம்பு அளவுக்கு வெளுக்க வைக்கிறது என்று நிரூபி. கண்ணுக்குப் பதில் குரோமாமீட்டர் என்ற நிறமானிக் கருவி வந்தது. கண்ணுக்குத் துணையாக ஒரு எண் கிடைத்தது. ஜெனரிக் மருந்தென்றாலே மட்டம் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்றேன், இந்த மாதிரி சோதனைகள் இருப்பதால்தான் ஜெனரிக்கை நம்பிக் கொடுக்க முடிகிறது.

ஆனால் அந்த எஃப்டிஏ வழிகாட்டியில் ஒரு வரி உண்டு. தோலின் நிறம் அளவீட்டுக்கு இடைஞ்சலாக இருந்தால் அவர்களைச் சோதனையில் சேர்க்காதே என்பது அதன் சாரம்.

கொஞ்சம் நின்னு யோசிங்க. வெளுப்பை அளக்கிற கோல் வெளிர்ந்த தோலில்தான் நன்றாகப் படிக்கும். மாநிறத்திலும் கறுப்பிலும் அதன் கோடுகள் மங்கிவிடும். மருந்து நம்ம தோலில் வேலை செய்யாது என்று அர்த்தமில்லை. நல்லாவே செய்யும். ஆனால் உலகம் பயன்படுத்தும் அளவுகோல் நம்மைப் போன்ற தோலைப் பெரும்பாலும் பார்க்காமல் அளந்த ஒன்று.

இன்னொரு பக்கமும் உண்டு. பக்கவிளைவின் முதல் எச்சரிக்கை சிவத்தல். வெளிர்ந்த தோலில் அது பளிச்சென்று தெரியும். நம்ம தோலில் லேசான கருமையாகவோ ஊதாவாகவோ தெரியும், பல நேரம் தெரியவே தெரியாது. எச்சரிக்கை மணி நமக்கு மெதுவாகத்தான் கேட்கும்.

இந்தச் சோதனை சொல்லாத இன்னும் சில விஷயங்கள் இருக்கு. அது ஒரு ராத்திரிக் கணக்கு. மூன்று மாதம் தடவினால் தோல் எவ்வளவு மெலியும் என்று சொல்லாது. எப்போது தோல் வரிகள் விழும், எப்போது பரு பொங்கும் என்று சொல்லாது. விட்டதும் முகம் எப்படி எரியும் என்றும் சொல்லாது.

இப்போ ஆரம்பத்தில் சொன்ன இடத்துக்கு வருவோம். வெளுப்பு!

ஆராய்ச்சியாளர்கள் வீரியத்தின் அடையாளமாகப் பார்த்த அதே வெளுப்பை நம்ம ஊர் சந்தை "கலர் வருது" என்று விற்றுவிட்டது. மங்குக்கு, பருத் தழும்புக்கு, கல்யாணத்துக்கு முன்னாடி பளபளப்புக்கு என்று ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் கைமாறின. ரத்தநாளம் சுருங்குவதும், நாளாக நாளாக நிறமி உருவாவது குறைவதும் சேர்ந்து முகம் வெளுத்த மாதிரி தெரியும். தடவுகிறவருக்கு அது அழகு. தோலைப் பொறுத்தவரை, வீரியமான ஒரு மருந்து உள்ளே வேலை செய்கிறது என்பதற்கான அறிகுறி.

சுருங்கிச் சுருங்கிப் பழகிய ரத்தநாளம், களிம்பை நிறுத்தியதும் விரியும். முகம் சிவக்கும், எரியும், பரு பொங்கும். பயந்து மறுபடி தடவினால் அடங்கும். இதை 1979-லேயே கிளிக்மனும் ஃபிராஷும் "ஸ்டீராய்டு அடிமைத்தனம்" என்று பெயரிட்டு எழுதிவிட்டார்கள்.

2011-ல் இந்தியாவின் 12 மையங்களில் எடுத்த ஆய்வு வெளிவந்தது. முகத்தில் தோல் பிரச்சினை என்று வந்த 2926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர். அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் பக்கவிளைவும் இருந்தது.

ஸ்டீராய்டுகள் நம் நாட்டில் சீட்டு கேட்கும் ஷெட்யூல் எச் பட்டியலில்தான் இருந்தன. ஆனால் வெளியே தடவும் மருந்துக்கு அதில் விலக்கு இருந்தது. தோல் மருத்துவர்கள் பல வருடம் போராடிய பிறகு, 2018-ல் 14 ஸ்டீராய்டு களிம்புகளுக்கு அந்த விலக்கை மத்திய அரசு நீக்கியது. சட்டப்படி இப்போது சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. நடைமுறை எப்படி என்று உங்க தெரு மெடிக்கலைப் பார்த்தாலே தெரியும்.

இதைப் படிச்சுட்டு ஸ்டீராய்டுன்னாலே விஷம்னு ஓடிடாதீங்க. அது இதைவிடப் பெரிய தப்பு. கரப்பானால் ராத்திரி முழுக்கச் சொறிந்து தூங்காத குழந்தைக்குச் சரியான படியில் உள்ள ஸ்டீராய்டைச் சரியான நாட்களுக்குக் கொடுத்தால் அந்த வீடே தூங்கும். பயந்து போய்க் கால்வாசி அளவு தடவி, குணமாகாமல் மாதக்கணக்கில் இழுப்பவர்களும் நிறைய.

எவ்வளவு தடவுவது? அதற்கும் ஒரு அளவுகோல் உண்டு. பிரிட்டனில் லாங், ஃபின்லே என்ற மருத்துவர்கள் 1991-ல் சொன்னது. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபைப் பிதுக்குங்கள். அது சுமார் அரை கிராம். பெரியவர் கையால் இரண்டு கை அகலம், விரல்களையும் சேர்த்து, உள்ள இடத்துக்கு அது போதும். இதைச் சோதிக்க ஆய்வகமும் வேண்டாம், குரோமாமீட்டரும் வேண்டாம்.

கடைசியா, கையோட எடுத்துட்டுப் போக நாலு விஷயம்.

டியூபில் சதவீதத்தைப் பார்க்காதீங்க, மருந்தின் பெயரைப் பாருங்க. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்றெல்லாம் இருந்தால் அது ஸ்டீராய்டு. கூட வேற என்ன கலந்திருந்தாலும் சரி.

குளோபெட்டசால் போன்ற அதிவீரிய மருந்தைத் தொடர்ந்து 2 வாரத்துக்கு மேல், வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் போடக் கூடாது என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. முகம், அக்குள், தொடையிடுக்கு என்றால் மருத்துவர் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

மாதக்கணக்கில் முகத்தில் தடவிக்கொண்டிருப்பவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு இன்றைக்கே தூக்கிப் போடாதீங்க. டியூபை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்க. படிப்படியாகக் குறைக்க வழி உண்டு. யாரும் திட்ட மாட்டார்கள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட களிம்பு உங்களுக்குக் கேட்கணும்னு இல்லை. அவங்க முன்கைக்கு 1 என்றால் உங்க தாடைக்கு 13. அந்தக் கணக்கு டியூபில் எழுதியிருக்காது.

களிம்பு தடவி முகம் வெளுக்குதுன்னா, நிறம் வருதுன்னு சந்தோஷப்படாதீங்க. 1962-ல் அந்தக் கட்டங்கள் சொன்னதைத்தான் உங்க முகமும் சொல்லுது. மருந்து வீரியமானது, பார்த்து.